இரண்டு பேர் வண்டிக்கு ஒரு சைலன்சர்

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரிடம் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் இருந்தது. கரும்பச்சை நிறம், துணிக்கூரை, இரண்டே இருக்கைகள். உட்கார்ந்து கையைத் தொங்கவிட்டால் விரல் தரையைத் தொட்டுவிடும். பக்கத்தில் லாரி வந்து நின்றால் அதன் சக்கரம் தலைக்கு மேலே தெரியும். வண்டி அவரைவிட நாலு வயது மூத்தது என்பதால் வீட்டில் அதற்குப் 'பெரியவர்' என்று பெயர். "பெரியவருக்கு இன்னைக்கு மனசு சரியில்லை" என்று அவர் மனைவி சொன்னால் பேட்டரி இறங்கிவிட்டது என்று அர்த்தம்.

மற்ற நாட்களில் பெரியவர் படுதாவுக்குள் தூங்குவார். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் இருவரும் அதில் ஏறிக்கொண்டு ஊருக்கு வெளியே அணைக்கட்டுச் சாலை வரை போய் வருவார்கள். அந்த நேரத்தில் தண்ணீரின் மேல் பனி படுத்திருக்கும். சாலை எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. வண்டி போடுகிற சத்தமோ காது கொள்ளாது. ஒன்பது வருஷத்துக்கு முன் வாங்கும்போதே புகைக்குழாயில் ஓட்டை இருந்தது. அவர் அதை ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு ஓட்டிக்கொண்டிருந்தார்.

மனைவிக்குக் குடிநீர் அலுவலகத்தில் தொலைபேசியில் புகார் வாங்குகிற வேலை. குழாயில் தண்ணீர் வரவில்லை என்று ஒருவர் அழைப்பார், வந்த தண்ணீர் நிற்கவே மாட்டேன் என்கிறது என்று அடுத்தவர் அழைப்பார். ஒன்பதிலிருந்து ஐந்து வரை "சொல்லுங்க, குறிச்சுக்கிட்டேன்" என்று சொல்லிச் சொல்லி, வீட்டுக்கு வரும்போது அவளிடம் பேச்சு மிச்சம் இருக்காது. அவரும் பெரிய பேச்சுக்காரர் இல்லை. இருட்டறையில் ஒருவர் கண்முன்னால் கண்ணாடி வில்லையை மாற்றி மாற்றி வைத்து, "இது தெளிவா இருக்கா, இதுவா?" என்று கேட்பதிலேயே அவர் பொழுது போய்விடும்.

ஆனால் வண்டியில் போகும்போது அவள் உதடுகள் அசையும். அவளுடைய அம்மா இறந்த வருஷத்தில்தான் அவர் அதை முதலில் கவனித்தார். அணைக்கட்டுச் சாலையின் மூன்றாவது வளைவைத் தாண்டியதும் அவள் கண்ணைப் பாதி மூடிக்கொள்வாள். காற்றில் முடி பறக்கும். உதடுகள் அசைய ஆரம்பிக்கும். ஒரு வார்த்தைகூட அவருக்குக் கேட்காது. அவள் பாடுகிறாள் என்று நினைத்துக்கொண்டார். என்ன பாட்டு என்று கேட்டால் நிறுத்திவிடுவாளோ என்று பயந்து கேட்காமலே இருந்தார். ஆறு வருஷமாகக் கடைக்கண்ணால் அந்தப் பாட்டைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார். தன் பக்கத்தில் ஒருத்தி பாடிக்கொண்டு வருகிறாள் என்ற நினைப்பே அவருக்கு ஒரு வாரத்துக்குப் போதுமானதாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அணைக்கட்டுக்குக் கொஞ்சம் முன்னால், வேகத்தடையில் ஏறி இறங்கியபோது அடியில் ஏதோ உடைந்தது. அதற்கப்புறம் வந்தது சத்தமே இல்லை, இடி. தண்ணீர்ப் பறவைகள் மொத்தமாக எழும்பின. அவர் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கிக் குனிந்து பார்த்தார். குழாய் நடுவில் இரண்டாகப் பிரிந்து, பின்பாதி ரோட்டில் கிடந்தது.

குழாய் சூடு ஆறும்வரை காத்திருந்தார்கள். அவள் கரைச்சுவரில் உட்கார்ந்து பனியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உதடுகள் அசையவில்லை. பிறகு அவர் ரோட்டில் மல்லாந்து படுத்துக் கம்பியால் கட்டினார். அவள் குனிந்து கம்பியை எடுத்துக் கொடுத்தாள்.

"இனிமே ஒட்டுப்போட முடியாது. மொத்தமா மாத்தணும்" என்றார் அவர், அடியில் படுத்தபடியே.

"மாத்துங்க. ஆனா ரொம்பக் கம்மியா சத்தம் வர்றது வேணாம்."

"ஏன்?"

"பெரியவருக்குப் பெரிய குரல்தான் அழகு."

அவர் அதற்கு நேர்மாறாக நினைத்துக்கொண்டிருந்தார். இருப்பதிலேயே சத்தம் குறைவான குழாயைப் போட்டுவிட்டால், அவள் பாடுவதை ஒருநாளாவது கேட்டுவிடலாம். ஆனால் அதை அவளிடம் எப்படிச் சொல்வது? கம்பியை இன்னொரு சுற்று முறுக்கினார்.

திங்கட்கிழமை கடைக்குப் போகுமுன் பட்டறைக்குப் போனார். பட்டறைக்காரர் கனத்த உடம்பு, மெல்லிய குரல். சைலன்சரின் வயிற்றைப் பானையைத் தட்டிப் பார்ப்பதுபோல் விரல் முட்டியால் தட்டினார். உள்ளேயிருந்து துரு பொலபொலவென்று கொட்டியது.

"பக்கத்துல பக்கத்துல ஓட்டுறீங்க சார். குழாய் சூடாகுறதுக்குள்ள வீட்டுக்கு வந்துடுறீங்க. தண்ணியும் புகையும் உள்ளேயே தங்கி, உள்ளேயிருந்தே அரிச்சிருக்கு" என்றார். "மூணு விதமா போடலாம். வண்டியோட வந்த மாதிரியே சாதா இரும்புல ஒண்ணு. பழைய சத்தம் அப்படியே வரும், ஆனா நாலு வருஷம் தாண்டினா பெரிய விஷயம். ரெண்டாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், ரெண்டு டப்பா வெச்சது. நமக்கு அப்புறமும் இருக்கும், சத்தமும் கம்மி. மூணாவது ரேஸ் பசங்க போடுறது. குழாய் பெருசு, டப்பா ஒண்ணே ஒண்ணு. தெருமுனையில திரும்பும்போதே வீட்டுல பால் பொங்குறதை நிறுத்திட்டு எட்டிப் பார்ப்பாங்க."

"ரெண்டாவது எப்படிக் கேக்கும்?"

"வாயால சொன்னா புரியாது. பல் டாக்டர் வண்டிக்குப் போன வருஷம் அதைத்தான் போட்டேன். ஒரு தடவை ஓட்டிப் பாருங்களேன்."

பல் டாக்டரிடம் இதே வண்டி சிவப்பில் இருந்தது. கேட்டதும் சாவியைக் கொடுத்துவிட்டார். "ஓடுறதே தெரியாது. ஊசி போட்ட பல்லு மாதிரி இருக்கும்" என்றார் பெருமையாக.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சிவப்பு வண்டியில் போனார்கள். பல் டாக்டர் சொன்னது சரிதான். ஊரைத் தாண்டியதும் சக்கரத்தின் கீழே சரளை நெரிவது தனியாகக் கேட்டது. எங்கோ ஒரு மோட்டார் பம்பு கேட்டது. பனிக்குள் யாரோ சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு போனார்கள், ஆளைக் காணவில்லை, மணி மட்டும் கடந்துபோனது. இத்தனை வருஷமாக வந்துபோன சாலையில் இவ்வளவு இருந்திருக்கிறதே என்று அவருக்கு ஆச்சரியம். கனவில் நடப்பவன் கால் தரையில் படாமல் போவதுபோல வண்டி போய்க்கொண்டிருந்தது.

மூன்றாவது வளைவு வந்தது. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். பழக்கதோஷத்தில் அவள் கண்ணைப் பாதி மூடினாள்.

"சின்னு" என்றாள்.

அவர் திடுக்கிட்டார். சின்னு என்பது அவளுடைய தங்கை. அம்மாவின் காரியத்துக்குப் பிறகு அக்காவும் தங்கையும் பேசிக்கொள்வதில்லை. என்ன சண்டை என்று அவர் ஒருமுறை கேட்டதற்கு "ஒண்ணுமில்லை" என்று சொல்லிவிட்டாள்.

"சின்னு, இந்த வாரம் ஒரு அம்மா போன் பண்ணினாங்க. குழாயைத் திறந்தா தண்ணி வரலை, விசில் அடிக்குதுன்னாங்க. போனைக் குழாய்கிட்ட வைங்கன்னேன். நிஜமாவே அடிச்சுது. ரெண்டு நிமிஷம் கேட்டுக்கிட்டே இருந்தேன். உனக்குப் பிடிச்சிருக்கும்." கொஞ்சம் நிறுத்தினாள். "உன் பொண்ணு ஸ்கூலுக்குப் போறாளாமே. மாமா பையன் போட்டோ காட்டினான். காது அப்படியே அம்மாவோட காது. சின்னு, அன்னைக்கு நான் பொய் சொல்லலை. மெதுவா வான்னு சொன்னப்ப நிஜமாவே இன்னும் நாள் இருக்குன்னுதான் நினைச்சேன்." மறுபடி நிறுத்தினாள். "இல்லை. நினைக்கலை. எனக்குத் தெரியும்."

அவர் கண் சாலையிலேயே இருந்தது. அடுத்தவர் கடிதத்தைப் பிரித்துவிட்டவர் போல் இருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல், கை தானாகப் போய் நாலாவது கியரிலிருந்து இரண்டாவதுக்கு இறக்கியது. இன்ஜின் அலறியது. அந்த அலறலில் அவள் குரல் மூழ்கிப்போனது. அவர் அப்படியே ஓட்டினார்.

ஒரு கிலோமீட்டர் போனபின் அவள் கண்ணைத் திறந்தாள்.

"ஏன் செகண்ட்லயே ஓட்டுறீங்க?"

"சும்மா. டெஸ்ட் பண்றேன்."

அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். ஒன்பது வருஷமாக வண்டியில் அவள் எதைக் கேட்டாலும் அவர் முதலில் "என்ன?" என்று கத்துவார். இரண்டாவது தடவை கேட்டபிறகுதான் பதில் வரும். இன்று இன்ஜின் அலறும்போதே முதல் தடவையில் பதில் சொல்லிவிட்டார். அவர் காது அவள் பக்கமே இருந்திருக்கிறது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பனியைப் பார்த்துக்கொண்டு வந்தாள். வீட்டிலும் அந்த நாள் முழுக்க இருவரும், கண்ணாடிச் சாமான் அடுக்கிய அறைக்குள் நடப்பவர்களைப் போல, ஒருவரை ஒருவர் இடிக்காமல் நடந்துகொண்டார்கள்.

மறுநாள் அவர் பட்டறைக்குப் போய், "மூணாவதைப் போடுங்க" என்றார்.

"ரேஸ் பசங்க போடுறதையா?"

"அதேதான். இருக்கறதுலயே சத்தமானது."

பட்டறைக்காரர் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார். "போன வாரம் ரெண்டாவதைத்தானே விசாரிச்சீங்க. சார், தப்பா நினைக்காதீங்க. இது ரெண்டு பேர் வண்டி. பாதி வண்டியில உட்கார்றவங்களையும் ஒரு வார்த்தை கேட்டுடறேன்." அவர் தடுப்பதற்குள் போனை எடுத்துவிட்டார்.

மதிய இடைவேளையில் அவள் பட்டறைக்கு வந்தாள். சுவரோரமாக ஏதோ ஒரு காரிலிருந்து கழற்றிய சீட் கிடந்தது. இருவரும் அதில் உட்கார்ந்தார்கள்.

"சத்தம் போடுறதையா சொன்னீங்க? உங்களுக்குத்தான் அது தலைவலியாச்சே."

"நீ பாடுறேன்னு நினைச்சேன்."

"என்னது?"

"வண்டியில போறப்ப. ஆறு வருஷமா. நீ பாடுறேன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். அதைக் கேக்கணும்னுதான் சத்தம் கம்மியா வேணும்னு ஆசைப்பட்டேன்."

அவள் சிரித்துவிட்டாள். "எனக்கா? நான் தாலாட்டுப் பாடினா தூங்குற குழந்தையும் எழுந்துக்கும்!" சிரிப்பு அடங்கிய பிறகு மடியில் இருந்த பையின் வாரைச் சுற்றிக்கொண்டே கேட்டாள். "எவ்வளவு கேட்டுச்சு?"

"செகண்ட் கியர் போடற வரைக்கும்."

அவளுக்கு அப்போதுதான் அந்தச் செகண்ட் கியர் புரிந்தது. பையின் வாரை விட்டாள். பிறகு பேசினாள். அம்மாவுக்கு இரண்டு நாள்தான் என்று டாக்டர் சொன்னது, தங்கை அப்போது ஏழு மாதம், அசையக்கூடாது என்று படுக்கையில் இருந்தது, "பயப்பட ஒண்ணுமில்லை, மெதுவா வா" என்று இவள் போனில் சொன்னது, மறுநாள் காலையிலேயே அம்மா போய்விட்டது, எல்லாம் முடிந்த மூன்றாம் நாள் தங்கை வந்து வாசலில் நின்றது.

"உள்ளேயே வரலை. 'ஊரு புகாரெல்லாம் குறிச்சுக்குவியே, என்னோடதையும் குறிச்சுக்கோ'ன்னா. அவ்வளவுதான். திரும்பிப் போயிட்டா."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே."

"நீங்க ஆறுதல் சொல்வீங்க. நல்லதுக்குத்தானே செஞ்சேம்பீங்க."

அவர் வாயில் அந்த வாக்கியம்தான் தயாராக இருந்தது. விழுங்கிக்கொண்டார்.

"எனக்கு ஆறுதல் வேணாம். அவ என்னைத் திட்டணும். நல்லா வாய்விட்டுத் திட்டணும்" என்றாள்.

பட்டறைக்காரர் அந்த நேரம் முழுக்க, எந்த வேலையும் இல்லாத ஒரு இரும்புத் தகட்டைச் சுத்தியலால் தட்டிக்கொண்டே இருந்தார். அவர்கள் எழுந்ததும் நிறுத்தினார்.

அவள் போய்ப் பச்சை வண்டியின் முன்னால் நின்றாள். "இது புதுசா வந்தப்ப எப்படிச் சத்தம் போட்டிருக்கும்?" என்று கேட்டாள். "நாங்க கேட்டதே இல்லை. வாங்கறப்பவே குழாய் ஓட்டை."

"சாதா இரும்பு போட்டீங்கன்னா அதேதான்க்கா. ரெண்டுக்கும் நடுவுல இருக்கும். பக்கத்துல இருக்கறவங்க கொஞ்சம் குரலை உயர்த்தினா கேக்கும். முணுமுணுத்தா கேக்காது."

அவள் கணவரைப் பார்த்தாள். அவர் இருட்டறையில் கேட்கிற குரலில், "இது தெளிவா இருக்கா?" என்றார்.

"இருக்கு" என்றாள்.

"நாலு வருஷத்துல துருப்பிடிச்சா என்கிட்ட வரக்கூடாது" என்றார் பட்டறைக்காரர். "வேணும்னா ஒண்ணு பண்ணுங்க. மாசத்துக்கு ஒரு தடவையாவது தூரமா ஓட்டுங்க. மூணு மணி நேரம், நாலு மணி நேரம். உள்ளே தண்ணி தங்காது, குழாய் காஞ்சுடும்."

மூன்று நாளில் வேலை முடிந்தது. இன்ஜினோடு சேரும் வளையத்திலிருந்து வால் நுனி வரை எல்லாம் புதுசு. குழாயைத் தொங்கவிடுகிற ரப்பர்களையும் பட்டறைக்காரர் மாற்றினார். இருவரையும் வண்டியில் உட்காரவைத்து, தரைக்கும் குழாய்க்கும் நடுவே நான்கு விரல் வைத்து இடைவெளி பார்த்தார். "இப்ப ஸ்டார்ட் பண்ணுங்க" என்றார். ஆழத்தில் யாரோ தொண்டையைச் செருமிக்கொண்டு, பிறகு நிதானமாகப் பேச ஆரம்பித்தது போல இருந்தது. வால் நுனியிலிருந்து வெள்ளையாக ஆவி வந்தது. சொட்டுச் சொட்டாகத் தண்ணீரும் வந்தது.

"தூரமா ஓட்டணுமாமே. எங்க போகலாம்?" என்றார் கடைக்காரர் வீடு திரும்பும்போது.

தங்கையின் ஊர் நாலு மணி நேரத் தொலைவு. அது இருவருக்கும் தெரியும். தெருமுனை வந்ததும் அவள், கேட்கிற அளவுக்குக் குரலை உயர்த்தி, "போலாம்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை விடியும்போதே கிளம்பினார்கள். அணைக்கட்டைத் தாண்டிச் சாலை ஒரு மேட்டில் ஏறியது. அந்தப் பக்கம் பனி இல்லை. இரண்டு பக்கமும் காய்ந்த புல் சாய்ந்து எழுந்துகொண்டிருந்தது. சாலையில் மர நிழல்கள் கிடந்தன, வண்டி ஒவ்வொன்றாக அவற்றைத் தாண்டிப்போனது. அவள் அன்று முணுமுணுக்கவில்லை. இரண்டு முறை திரும்பிவிடலாம் என்றாள். இரண்டு முறையும் அவர் வேகத்தைக் குறைத்தார். இரண்டு முறையும் அவளே "சரி, போங்க" என்றாள்.

ஊர் எல்லையில் ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தி அவள் போன் செய்தாள். அந்தப் பக்கம் எடுத்தார்கள்.

"நான்தான்" என்றாள்.

போனை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"உங்க ஊர்லதான் இருக்கோம். பெட்ரோல் பங்க்ல. நீ வான்னா வர்றோம். வேணாம்னா இப்படியே திரும்பிடுறோம்."

போனை அவள் காதோடு அழுத்திப் பிடித்திருந்தாள். அவருக்குத் தங்கையின் குரல் கேட்கவில்லை. மனைவியின் முகம் மட்டும் தெரிந்தது. அது கொஞ்சம் கொஞ்சமாக உடைந்தது.

"இல்லை, இன்னும் சாப்பிடலை" என்றாள் போனில். அழுதுகொண்டே வழி கேட்டுக் குறித்துக்கொண்டாள்.

தங்கை வீட்டு வாசலில் நின்றிருந்தாள். யாரும் யாரையும் கட்டிப்பிடிக்கவில்லை. தங்கையின் கணவர் வெளியூர் போயிருந்தார். நாலு பேரும் சாப்பிட்டார்கள். தங்கை தன் அக்காவின் முகத்தைப் பார்க்காமல் இரண்டாவது தடவையும் பரிமாறினாள். ஆறு வயதுப் பெண், பாட்டியின் காதுகளோடு, எல்லோரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாப்பிட்டு முடித்ததும் தங்கை வாசலுக்குப் போய் வண்டியைச் சுற்றி வந்தாள். பிறகு கையை நீட்டினாள். கடைக்காரர் சாவியைக் கொடுத்தார்.

"நீ ஏறு" என்றாள் அக்காவிடம்.

வண்டி கிளம்பித் தெருவைக் கடந்து திரும்பியது. கடைக்காரரும் சிறுமியும் வாசற்படியில் உட்கார்ந்தார்கள். முதலில் பள்ளிக்கூடத்துப் பக்கம் கேட்டது. பிறகு எங்கோ மேட்டில் ஏறுகிற சத்தம். பிறகு காற்று திசை மாறியதும் ஒன்றுமே இல்லை. வெயில் தெருவின் பாதிவரை வந்து நின்றது.

"எங்க அம்மா கத்துறாங்களா, பெரியப்பா?" என்று கேட்டாள் சிறுமி.

"கத்துவாங்கன்னு நினைக்கிறேன்."

"பெரியம்மா அழுவாங்களா?"

"ம். அதுவும் இருக்கும்."

"நல்லா இருக்குமா?"

அவர் யோசித்தார். "தெரியலைடா கண்ணு" என்றார் உண்மையாகவே.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. சிறுமி அவர் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். அவருக்கும் கண் செருகியது. தூக்கத்துக்குள்ளேயே அந்தச் சத்தம் மெல்ல நடந்து வருவதுபோலக் கேட்டது. கண்ணைத் திறந்தபோது வண்டி வாசலில் நின்றிருந்தது. அக்காவுக்கும் தங்கைக்கும் மூக்கு சிவந்திருந்தது. இருவர் முடியும் கலைந்து ஒரே பக்கமாகப் படிந்திருந்தது.

தங்கை இறங்கிவந்து அவர் கையில் சாவியைத் திருப்பிக் கொடுத்தாள். ஆறு வருஷத்தில் அவரிடம் அவள் பேசிய முதல் பேச்சு அது.

"பிரேக் இடது பக்கம் இழுக்குது மாமா. கிளம்புறதுக்கு முன்னாடி பாத்துடுங்க."